பதில் சொன்ன செல்

ஜெசிந்தா கர்டோசாவுக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று பரிசோதனை முடிவு வந்தபோது, அதை நம்ப மறுத்தவர் ஜெசிந்தா அல்ல. டாக்டர் மீனலோசனிதான்.

"ரத்தம் மாறிப் போயிருக்கும். திரும்ப எடுங்க," என்றாள். திரும்ப எடுத்தார்கள். அதே முடிவு. அடுத்த முறை தானே ஊசியைப் பிடித்து எடுத்தாள். அப்போதும் அதே முடிவுதான்.

அவள் அடம்பிடித்ததற்குக் காரணம் இருந்தது. மதுரையில் ஒத்தக்கடையைத் தாண்டி இருந்த அந்த மருத்துவமனையின் செல் ஆய்வகம் அவள் பொறுப்பில் இருந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, புற்றை அடையாளம் காண அவற்றைப் பழக்கி, பெருக்கி, மறுபடி உடம்புக்குள் அனுப்புவது அங்கே நடந்த வைத்தியம். பலித்தால் பிரமாதமாகப் பலிக்கும். ஆனால் ஆரம்ப காலத்தில் சிலருக்கு, உள்ளே போன செல்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட்டு ஒரே பகலில் உடம்பையே பற்ற வைத்துவிட்டன. காய்ச்சல் கொதிக்கும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் நின்றுபோகும். மருத்துவர்கள் அதைப் புயல் என்றார்கள். புயலில் செத்தவர்களும் உண்டு.

அந்தப் புயலை ஒழித்தது ஒரு கண்ணாடித் தகடு. உள்ளங்கை அகலம், அதில் பல்லாயிரம் நுண்குழிகள், குழிக்கு ஒரே ஒரு செல். பார்க்கத் தேன்கூட்டைப் போல இருப்பதால் எல்லாரும் அதைத் தேனடை என்றே அழைத்தார்கள். செல் ஒரு சமிக்ஞைப் புரதத்தை வெளியே விட்டால் குழியின் அடியில் அது கிடக்கும் இடம் ஒளிரும். கேமரா இடைவிடாமல் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். எந்தச் செல் முதலில் வாயைத் திறந்தது, எவ்வளவு நேரம் கத்தியது, எப்போது அடங்கியது என்று ஒவ்வொன்றின் கதையும் தனித்தனியாகக் கிடைத்துவிடும். சீக்கிரம் ஆரம்பித்து நிறுத்தாமல் கத்தும் செல்களை முடியைவிட மெல்லிய ஊசி ஒன்று உறிஞ்சி எடுத்துவிடும். மிச்சம் மட்டுமே நோயாளிக்குப் போகும். தேசிய செல் பாதுகாப்பு வாரியம் இதைக் கட்டாய விதியாகவே ஆக்கிவிட்டது. அதற்குப் பிறகு நாட்டில் எந்த மருத்துவமனையிலும் புயல் வரவில்லை.

ஜெசிந்தாவுக்கும் நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே வைத்தியம்தான் நடந்தது. ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. தானே நடந்து போய்க் காரில் ஏறினார். லோசனியின் கணக்கில் அவர் தீர்ந்துபோன நோயாளி.

இப்போது அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் பைலட் வேலை. வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், கயிற்றேணியில் தொற்றி ஏறி, கப்பலைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து கட்டவேண்டும். காற்றிலும் வெயிலிலும் பழுத்த முகம். சுற்றிவளைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"புத்தகத்தைக் கேட்டா மூணு மாசம்னு சொல்லும். நான் இன்னும் எதுவும் சொல்லல."

"மறுபடி அதே வைத்தியம் பண்ண முடியாதா?"

"உங்க ரத்தத்துல இப்ப தேறுற செல்லே இல்ல. நாலு வருஷம் புத்தோட மல்லுக்கட்டி எல்லாம் சோந்து போச்சு. பழக்கினாலும் ரெண்டு நாள்ல செத்துப் போகுது."

ஜெசிந்தா சற்று யோசித்தார். "போன தடவை எங்கிட்ட எடுத்தீங்கள்லா. அது நல்ல செல்தான?"

"ரொம்ப நல்ல செல்லு."

"எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டீங்களா?"

"கொஞ்சத்தை மட்டும் வடிகட்டி எடுத்தோம். ரொம்பக் கத்துற செல்லு. அதப் போட்டா புயல் வந்துரும்."

"எடுத்தத என்ன செஞ்சீங்க?"

"வச்சிருக்கோம். மத்த ஆஸ்பத்திரியில கொட்டிருவாங்க. நான் படிப்புக்காக உறைய வச்சிருக்கேன்."

"அப்போ என்னோட நல்ல செல்லு இந்த உலகத்துல மிச்சம் இருக்குதுன்னா, அது நீங்க வேண்டாம்னு வச்சதுதான். அப்படித்தான?"

லோசனி பழைய கோப்பைத் திறந்து பார்த்தாள். அப்படித்தான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு, நான்கு வருடத்துக்கு முந்தைய ஜெசிந்தாவின் தேனடைப் பதிவைத் திரையில் ஓடவிட்டாள். கறுப்புப் பரப்பில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. முதல் மணி நேரத்திலேயே ஒளிர்ந்த சில புள்ளிகள் கடைசி வரை அணையவில்லை. எடுத்து வைத்தவை அவைதான். நிதானமாக ஒளிர்ந்து நிதானமாக அணைந்தவை உடம்புக்குள் போயிருந்தன. புற்றைக் கொஞ்ச காலம் அடக்கி வைத்துவிட்டுப் பிறகு சோர்ந்து போனவையும் அவைதான்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. அணைக்கப் போகும்போதுதான் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கிடந்த குழிகள் கண்ணில் பட்டன. ஒரு குழியில் ஒன்றுக்குப் பதிலாகத் தவறி இரண்டு செல்கள் விழுந்துவிட்டால், கணினி அந்தக் குழியைப் பிழை என்று குறித்து ஒதுக்கிவிடும். எந்தத் தகட்டிலும் இப்படிச் சில குழிகள் இருக்கும். அவற்றை யாரும் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் லோசனியும் பார்த்ததில்லை.

பார்த்தாள்.

முதல் குழி. ஒரு செல் சீக்கிரமே கத்த ஆரம்பித்தது. பக்கத்துச் செல் சும்மா கிடந்தது. சிறிது நேரம் கழித்துப் பக்கத்துச் செல்லும் வாயைத் திறந்தது. திறந்த உடனே முதல் செல் அடங்கிவிட்டது.

அடுத்த குழியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

லோசனி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அறைக்குள் யாருமில்லை. இருந்திருந்தால், அவள் ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டிருப்பார்கள்.

அடுத்த சில நாட்கள் அவள் ஆய்வகத்தை விட்டு அசையவில்லை. உறையவைத்த செல்களில் சிறு பங்கை உருக்கி எடுத்தாள். பாதியைத் தனித்தனிக் குழிகளிலும், மீதியை, அப்போதே மாதிரிக்கென்று சிறிது எடுத்து வைத்திருந்த ஜெசிந்தாவின் அமைதியான செல் ஒன்றோடு ஜோடியாகவும் போட்டாள். தனிக்குழியில் இருந்தவை விடாமல் கத்தின. ஜோடியாக இருந்தவற்றில் பத்தில் ஒன்பது, பதில் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டன. அதன்பின் இரண்டும் மாறி மாறி, அளவாகச் சமிக்ஞை விட்டன. தட்டில் வைத்த புற்றுச் செல்களை இந்த ஜோடிகள் கொன்ற வேகத்தை அவள் இதற்கு முன் கண்டதில்லை. பதில் கிடைத்த பிறகும் அடங்காதவை மிகச் சில. புயலைக் கிளப்புகிறவை அவை மட்டும்தான்.

இயக்குநர் டாக்டர் கமாலுதீன் படங்களை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். அறுபதை நெருங்கும் மனிதர். எதையும் உடனே சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நாம இத்தனை நாளும் தப்பான செல்லையா எடுத்து வெளியே போட்டோம்?"

"தப்பான கேள்வி கேட்டிருக்கோம் சார். ஒரு செல்லைத் தனியா அடைச்சு வச்சு, நீ எப்ப நிறுத்துவன்னு கேட்டா அது எப்படி நிறுத்தும்? அது துணைக்கு ஆள் கூப்பிடுது. ஆள் வந்தாத்தான நிறுத்தும்? நாம ஆளே இல்லாத அறையில போட்டுட்டு, இது அடங்காதுன்னு முத்திரை குத்திட்டோம்."

"துணைக்குக் கூப்பிடுற செல்லை எடுத்துட்டா?"

"மத்தது எதுக்கு எழுந்திரிக்கணும்? கொஞ்ச நாள் வேலை பாக்கும், தூங்கிரும். ஜெசிந்தாவுக்கு நடந்தது அதான். இன்னும் நாலஞ்சு வருஷத்துல எல்லா ஊர்லயும் இது நடக்கும்."

கமாலுதீன் ஜன்னல் பக்கம் போனார். யானைமலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. "லோசனி, நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு டீச்சர் இருந்தா. இருபத்தாறு வயசு. காலையில எங்கிட்ட சிரிச்சுப் பேசுனா. சாயங்காலம் புயல்ல போயிட்டா. அவளப் பெத்த அத்தா கையைப் புடிச்சுக்கிட்டு நான்தான் உக்காந்திருந்தேன். தட்டுல நடந்தது உடம்புக்குள்ளயும் நடக்கும்னு யார் எனக்கு உறுதி சொல்றது?"

"யாரும் சொல்ல முடியாது. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"அந்தம்மா செத்துட்டா?"

"போடலேன்னாலும் செத்துருவாங்க சார். போட்டுச் செத்தா அதுக்கு நான் பொறுப்பு. போடாமச் செத்தா அதுக்கும் நான்தான் பொறுப்பு, இப்ப தெரிஞ்சு போச்சுல்ல."

கமாலுதீன் மேஜைக்குத் திரும்பி வந்து வாரியத்துக்குத் தொலைபேசி போடச் சொன்னார். விதிவிலக்கு கிடைக்க அவர் யாரிடமெல்லாம் பேசினார், என்னவெல்லாம் ஏற்றுக்கொண்டார் என்று லோசனிக்குக் கடைசிவரை தெரியாது. வாரியம் ஒரே நிபந்தனை போட்டது. நோயாளி எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, தானே வாய்திறந்து சம்மதிக்க வேண்டும்.

ஜெசிந்தாவும் அவர் கணவர் லம்பர்ட்டும் சேர்ந்தே வந்தார்கள். லம்பர்ட் தூத்துக்குடியில் முந்திரி மக்ரூன் போடும் பேக்கரி வைத்திருப்பவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். லோசனி படங்களைக் காட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மென்று விழுங்கவில்லை. புயல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்.

ஜெசிந்தா திரையைக் கூர்ந்து பார்த்தார். "எங்க ரேடியோ மாதிரிதான் இருக்கு. கப்பல்காரன் பதில் சொல்லுத வரைக்கும் நாங்களும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்போம். பதில் வந்தா மைக்க வச்சிருவோம்."

"அதேதான்."

"புயல் வந்தா அடக்க மருந்து கிடையாதா?"

"இருக்கு. ஆனா அதப் போட்டா எல்லாச் செல்லும் வாயடைச்சுப் போயிரும். புத்தும் பொழைச்சிரும். கடைசி நேரத்துக்குத்தான் அது."

"எது கடைசி நேரம்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுவேன்," என்றாள் லோசனி.

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். முன்பின் தெரியாத கேப்டனின் கப்பலில் ஏறிய பைலட் அப்படித்தான் பார்ப்பார்போல. "சரி. போடுங்க."

லம்பர்ட் முதல்முறையாக வாய் திறந்தார். "ஏய், வீட்டுல போயி ஒரு தடவ யோசிச்சிட்டு..."

"வீட்டுல போயி யோசிச்சா பயம் வரும். இங்கன வச்சே சொல்லிடுதேன். எனக்குச் சம்மதம்."

உறைந்திருந்த செல்களிலிருந்து அடங்காத சிலவற்றை மட்டும் லோசனி நீக்கினாள். மற்ற எல்லாவற்றையும், அந்த மாதிரியில் மீந்திருந்த அமைதியான செல்களோடு சேர்த்துப் பெருக்கினாள். ஒரு திங்கட்கிழமை காலை, சிறிய பை ஒன்றிலிருந்து கலங்கலான அந்தத் திரவம் ஜெசிந்தாவின் கை நரம்புக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தது.

புதன்கிழமை விடிந்ததும் காய்ச்சல் ஆரம்பித்தது.

பத்து மணிக்கெல்லாம் உடம்பு நெருப்பாகச் சுட்டது. ஜெசிந்தா பிதற்ற ஆரம்பித்தார். "டெட் ஸ்லோ அஹெட்... போர்ட் டென்..." என்று கட்டிலில் படுத்தபடியே யாருக்கோ கப்பல் செலுத்தக் கட்டளை கொடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லம்பர்ட் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்ன நர்ஸிடம் தலையை மட்டும் ஆட்டினார், உட்காரவில்லை. ரத்த அழுத்தம் நூறுக்குக் கீழே வந்தது. தொண்ணூறைத் தொட்டது.

கமாலுதீன் அடக்கும் மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். "லோசனி, இது அந்த டீச்சருக்கு வந்த மாதிரியே வருது."

"ரத்தம் எடுத்திருக்கேன் சார். தகட்டுல ஓடிக்கிட்டு இருக்கு. பாத்துட்டு வர்றேன்."

"எண்பதுக்குக் கீழ போச்சுன்னா உங்களக் கேக்க மாட்டேன். போட்டுருவேன்."

"போடுங்க. அதுவரைக்கும் போடாதீங்க."

ஆய்வகத்துக்கு ஓடினாள். காலையில் எடுத்த ரத்தத்தின் தகட்டில் பச்சைப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக எரிந்துகொண்டிருந்தன. அதற்கு அடுத்து எடுத்த ரத்தத்திலும் அப்படியே. இந்த முறை அவள் யாரையும் தனியாக அடைக்கவில்லை. குழிகளை அகலமாக்கி, நாலைந்து செல்கள் சேர்ந்திருக்கும்படி செய்திருந்தாள். சற்று முன் எடுத்த கடைசி ரத்தத்தின் தகட்டைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாமே பச்சையாக இருந்தது. பிறகு மூலையில் ஒரு புள்ளி மங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சீக்கிரம் கத்த ஆரம்பித்தவை அடங்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு குழியிலும் தாமதமாக எழுந்த ஒரு செல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

லோசனி ஓடி வந்தபோது அழுத்தம் எண்பத்திரண்டில் இருந்தது. கமாலுதீனின் கட்டைவிரல் ஊசியின் மேல் இருந்தது.

"நிறுத்திருச்சு சார். முதல்ல கத்துனது எல்லாம் நிறுத்திருச்சு."

"காய்ச்சல் ஏறிக்கிட்டேதான இருக்கு!"

"அது ஏற்கெனவே வெளிய விட்ட புரதம். ரத்தத்துல மிதந்துக்கிட்டு இருக்கு. கரைய நேரம் எடுக்கும். புதுசா யாரும் விடல. ஒரு மணி நேரம் குடுங்க."

"ஒரு மணி நேரத்துல ஆள் போயிருவா!"

"போக மாட்டாங்க. நான் கண்ணால பாத்துட்டு வந்துதான் சொல்றேன் சார். யூகிச்சுச் சொல்லல."

கமாலுதீன் மானிட்டரைப் பார்த்தார். எண்பத்தொன்று. லோசனியின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். கையை மட்டும் அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

எண்பத்தொன்றிலேயே நின்றது. நின்றது. பிறகு எண்பத்து மூன்று. எண்பத்தேழு. ஜெசிந்தாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. மத்தியானம் திரும்பும்போது தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "தண்ணி குடுங்க, நாக்கெல்லாம் உப்புக் கரிக்கி," என்றார்.

கமாலுதீன் வெளியே போய் லம்பர்ட்டின் தோளில் கை வைத்தார். லம்பர்ட் அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஆறாவது வாரம் எடுத்த பரிசோதனையில் ஜெசிந்தாவின் உடம்பில் புற்று இல்லை. மூன்றாவது மாதமும் இல்லை. தொடர்ந்து வேறு சிலருக்கும் இதே முறையில் வைத்தியம் செய்தார்கள். காய்ச்சல் எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் இறங்கியது. வாரியம் விதியை மாற்றியது. இனிமேல் எந்தச் செல்லையும் தனியாக வைத்துத் தீர்மானிக்கக்கூடாது.

விதி மாறிய செய்தி பத்திரிகைகளில் வந்ததும் லோசனியின் தொலைபேசி ஓயவில்லை. பழைய முறையில் வைத்தியம் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "என்னோடத வச்சிருக்கீங்களா?" மதுரையில் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவளால் வச்சிருக்கோம் என்று சொல்ல முடிந்தது. கரூரிலிருந்து ஒரு அப்பா தன் மகளுக்காகப் பேசினார். அவளுக்கு வேறு ஊரில் வைத்தியம் நடந்திருந்தது. அங்கே கொட்டிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "சரிங்க மேடம், அவளுக்கு இன்னும் திரும்ப வரல, வந்தாப் பாத்துக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டார். லோசனி அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெண்ணை மதுரைக்கு வரச்சொன்னாள். நோய் திரும்புவதற்கு முன்பே புதிதாக ரத்தம் எடுத்து, கூப்பிடும் செல்களைச் சேர்த்து வைத்தாள். பிறகு அதையே எல்லாருக்கும் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் அவளை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. மற்ற நோயாளிகளின் செல்கள் பதில் சொல்லச் சில மணி நேரம் எடுத்துக்கொண்டன. ஜெசிந்தாவின் தகட்டில் மட்டும் சில செல்கள் உடனுக்குடன் பதில் சொல்லின. ரத்த அழுத்தம் எண்பத்தொன்றுக்குக் கீழே இறங்காமல் அவர் பிழைத்ததற்கு அந்த வேகமும் ஒரு காரணம். அந்தச் செல்களைத் தனியே பிரித்து மரபணுவைப் படித்தாள்.

படித்துவிட்டு, தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி படித்தாள். பிறகு கமாலுதீனிடம் போனாள்.

"சொல்லித்தான் ஆகணுமா?" என்றார் அவர். "வைத்தியத்துக்கு இது தேவையில்லாத தகவல். எதையாவது கிளறி விட்டுரும்."

"அவங்க உடம்பு சார். அதுக்குள்ள யார் இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

தூத்துக்குடியில் அவர்கள் வீடு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே முந்திரியும் சர்க்கரையும் வேகும் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். சீருடையில்தான் இருந்தார். லம்பர்ட் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"உங்ககிட்ட மட்டும் தனியாப் பேசலாமா?" என்று லோசனி கேட்டாள்.

ஜெசிந்தாவின் முகம் மாறியது. "திரும்ப வந்துட்டா?"

"இல்ல இல்ல. அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்ல விஷயம்தான். ஆனா உங்க சொந்த விஷயம்."

"லம்பர்ட்டுக்குத் தெரியாத சொந்த விஷயம் எனக்குக் கிடையாது. சொல்லுங்க."

லோசனி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "உங்க உடம்புல கூப்பிட்டதும் டக்குனு பதில் சொல்ற கொஞ்சம் செல் இருக்கு. அது உங்களோடது இல்ல."

"பிறகு யாரோடது? ரத்தம் ஏத்துனீங்களே, அதுவா?"

"அப்படித்தான் நானும் மொதல்ல நெனச்சேன். ஆனா அதுல பாதி மரபணு உங்களோடது. பாதி இன்னொருத்தரோடது. வயித்துல இருக்கிற குழந்தையோட செல் கொஞ்சம் அம்மா ரத்தத்துக்குள்ள வந்துரும். சிலருக்கு அது போறதே இல்ல. பல வருஷம் அங்கயே தங்கி, பெருகி, அம்மாவோட செல்களோடேயே வேலை பாக்கும்."

கீழே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"எங்களுக்குப் புள்ள கிடையாதே டாக்டர்," என்றார் ஜெசிந்தா மெதுவாக. "ஒண்ணு அஞ்சு மாசத்துல போச்சு. நான் அப்போ பயிற்சியில இருந்தேன். ரொம்ப வருஷம் ஆச்சு."

"அந்தக் குழந்தைதான். அது ஆண் செல்லு."

லம்பர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளப் புள்ளையா?"

லோசனி தலையசைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில கேட்டேன் டாக்டர். ஆணா பொண்ணான்னு. அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறிய, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாவ." அவர் மாவுக் கையை மறுபடி துடைத்தார். "இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாது."

ஜெசிந்தா அழவில்லை. தன் இடது கையைப் புரட்டி, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவும் இருக்கானா?"

"போன வாரம் எடுத்த ரத்தத்துலயும் இருந்துச்சு."

"எவ்வளவு?"

"ரொம்பக் கொஞ்சம். லட்சத்துல ஒண்ணோ ரெண்டோ."

"கொஞ்சமா இருந்தா என்ன," என்றார். "நான் கூப்பிட்டதும் பதில் சொல்லிட்டாம்லா."

மேஜையில் இருந்த ரேடியோ கரகரத்தது. வெளிக்கடலில் நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்து நிற்பதாகத் துறைமுகத்திலிருந்து சொன்னார்கள். ஜெசிந்தா மைக்கை எடுத்து, வருவதாகச் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்குப் போவாண்டாம் ஜெசி," என்றார் லம்பர்ட். "காத்து வேற அடிக்கி. வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

ஜெசிந்தா வாசலில் நின்று திரும்பினார். கண் நிறைந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

"ஏன், நான் என்ன தனியாவா போறேன்?"

படியிறங்கும் பூட்ஸ் சத்தம் பேக்கரியைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போயிற்று.